நண்பனைப் பற்றிச் சொல்
ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையும் எமது பிள்ளைகளும்

வெங்காயத்தையும் விதைநெல்லையும் கிணற்றுத் தண்ணீரையும் பற்றிப் பேசும் ஒரு சஞ்சிகையில் ஆங்கிலப் பரீட்சைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இன்று எமது குடும்பங்களில் தாலிக்கொடி அடைவுக்குப் போவது பசளை வாங்குவதற்காக மட்டுமல்ல என்பது யாவரும் அறிந்ததே. மகன் அவுஸ்திரேலியாவில் படிக்க வேண்டும், மகள் தாதியாகப் பிரித்தானியாவுக்குப் போக வேண்டும், கலியாணம் முடித்த பிள்ளை இலண்டனிலுள்ள கணவனிடம் போய்ச் சேர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஆங்கிலப் பரீட்சை நிற்கின்றது. பரீட்சைக் கட்டணம் வெளிநாட்டுக் காசின் பெறுமதியோடு ஏறுகின்ற ஒன்று. 2022ஆம் ஆண்டு ரூபாய் சரிந்த பின்னர் அந்தச் சுமை எவ்வளவு கூடியது என்பதை நகை அடைவு வைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டால் முப்பது வருடம் காத்திருந்து மீட்ட காணியை யார் கொத்துவது என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதை வேறோர் இதழில் பேசுவோம். போவதென்று தீர்மானித்த பிள்ளை தோற்றுத் திரும்பிக் கடனாளியாகக் கூடாது என்பதே இங்கு எனது கவலை.

அதிலும் ஒரு சிறு விடயத்தைப் பற்றியே எழுதுகிறேன். அந்தப் பரீட்சையில் பேச்சுக்கென்று ஒரு பகுதி இருக்கின்றது. அங்கே அடிக்கடி வரும் பொருள்களில் ஒன்று நட்பு. 'உமது நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்' என்று கேட்கிறார்கள். இதைவிட இலகுவான கேள்வி இருக்க முடியுமா? இருந்தும் எமது பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பரீட்சை எப்படி நடக்கின்றது?

ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இப்பரீட்சை 1989ஆம் ஆண்டு தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து இதை நடத்துகின்றன. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். பேச்சுப் பகுதி இன்றைய வடிவத்தைப் பெற்றது 2001இல். பரீட்சகர் ஒருவர், பிள்ளை ஒருவர், ஓர் ஒலிப்பதிவுக் கருவி. எல்லாமாக 11 முதல் 14 நிமிடங்கள்.

முதல் நான்கைந்து நிமிடங்கள் ஊர், வீடு, படிப்பு, பொழுதுபோக்கு என்று சாதாரண விசாரிப்பு. பிறகு ஓர் அட்டையைக் கையில் தருவார்கள். நண்பரைப் பற்றிய அட்டையானால் அவர் யார், எங்கே சந்தித்தீர்கள், எவ்வளவு காலப் பழக்கம், ஏன் அவரைப் பிடிக்கும் என்ற மாதிரியான குறிப்புகள் அதில் இருக்கும். யோசிக்க ஒரு நிமிடம் உண்டு, தாளும் பென்சிலும் தருவார்கள். அதன்பின் ஒன்று தொடக்கம் இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். இரண்டு நிமிடம் முடிந்ததும் பரீட்சகர் நிறுத்துவார். நிறுத்திவிட்டாரே, பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பிள்ளைகள் கலங்கக் கூடாது. நேரம் முடிந்தது என்பதே அதன் பொருள். கடைசிப் பகுதியில் அதே பொருளைப் பற்றிப் பொதுவான கேள்விகள் வரும். அதற்கும் நான்கைந்து நிமிடம்.

புள்ளி கொடுப்பது நான்கு விடயங்களுக்கு: தடையின்றித் தொடர்பாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. உமது நண்பன் வைத்தியனா, கூலிக்குக் கொத்துகிறவனா என்பதற்கு அங்கே புள்ளியும் இல்லை, புள்ளிக் குறைப்பும் இல்லை. இதைப் பெற்றோரும் பிள்ளைகளும் நன்றாக மனதில் இருத்த வேண்டும்.

இரவல் நண்பன்

பயிற்சி வகுப்பொன்றில் அச்சடித்துக் கொடுத்த தாள் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை என்னிடம் கொண்டுவந்தாள். அதில் ஒரு நண்பன் இருந்தான். பெயர் பீற்றர். கணக்காளர், நேர்மையானவர், நேரம் தவறாதவர், ஓய்வு நேரத்தில் கிற்றார் வாசிப்பவர். வகுப்பிலிருந்த அத்தனை பேருக்கும் அந்த ஒரே பீற்றர்தான் உயிர்த்தோழன்! அவள் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். முடிந்ததும், 'பீற்றரைக் கடைசியாக எப்போது கண்டீர்?' என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சகர்கள் இதற்கென்றே பயிற்றப்பட்டவர்கள். பாடமாக்கிய பேச்சு ஒரே வேகத்தில் ஓடும். அதன் பின் வரும் சிறு கேள்விக்குப் பேச்சு முடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை அவர்கள் காதாலேயே பிடித்துவிடுவார்கள். எந்தப் பேச்சுக்கு என்ன மட்டம் என்று அவர்களே வெளியிட்டிருக்கும் விளக்கத்தில், பாடமாக்கிய வாக்கியங்களில் தங்கியிருப்பது கீழ்மட்டத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே வருகின்றது. மெதுவாகப் பேசுதல், சொன்னதைத் தானே திருத்திச் சொல்லுதல் ஆகியவை இருந்தாலும் நடு மட்டத்தைப் பெற இடமுண்டு. ஆகவே தட்டுத்தடுமாறிச் சொன்ன சொந்த நண்பன், தடங்கலில்லாமல் ஒப்புவித்த பீற்றரைவிட மேல்.

இரவல் நண்பனை ஏன் தேடுகிறார்கள்? ஒரு காரணம் பாடசாலைப் பழக்கம். ஆங்கிலம் என்றால் எழுதிப் பாடமாக்குவது என்றே நாம் வளர்ந்தோம். சிங்களத்தில் ஆங்கிலத்தை 'கடுவ', அதாவது வாள் என்று சொல்வார்கள்; அதைக் கையில் வைத்திருப்பவர் மற்றவரை வெட்டலாம் என்ற கருத்தில். எமது பிள்ளைகள் அந்த வாளின் மற்றப் பக்கத்தில் நின்று பழகியவர்கள். மற்றக் காரணம் இன்னும் ஆழமானது. முகாமில் பிறந்தவர்கள், மரத்தடியில் படித்தவர்கள், தங்கள் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் சொல்லத் தக்கது எதுவும் இல்லை என்று நம்புகிறார்கள். இதுதான் எனக்கு வருத்தம் தருவது. முகாம் எமக்குக் கற்றுத்தந்த ஆங்கிலச் சொற்களை எண்ணிப்பாருங்கள்: ஷெல், பங்கர், சென்றி, பாஸ், ரேஷன், ஐ.டி.பி. எமது அப்புமாரும் ஆச்சிமாரும்கூட இவற்றைப் பிழையில்லாமல் சொல்வார்கள். 'ஃப்ரெண்ட்' என்ற சொல்லை மட்டும் யாரும் எமக்கு விநியோகிக்கவில்லை.

துலா மிதித்தவர்கள்

இறைப்பு மெசின் வருவதற்கு முந்திய காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். ஒருவர் துலா மிதிப்பார், ஒருவர் பட்டை பிடிப்பார், ஒருவர் தண்ணீர் மாறுவார். துலாவில் நிற்பவரின் உயிர் கீழே நிற்பவரின் கையில். விடியப்புறத்தில் தொடங்கி வெயில் ஏறும்வரை மூவரும் ஒரே தாளத்தில் வேலை செய்ய வேண்டும். இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம். இதற்குக் கூலி இல்லை, கணக்குக் கொப்பி இல்லை. அப்படிச் சேர்ந்தவர்களைக் 'கூட்டாளி' என்று சொன்னோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே கூட்டு இருக்கின்றது. கிணற்றுப் பங்காலும் வழிவாய்க்காலாலும் பகையானவர்கள் உண்டு என்பதும் உண்மை. அதே கிணறு கூட்டாளிகளையும் தந்தது.

இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு நட்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லையா? 'வி டக் எ வெல் ருகெதர்' – நாங்கள் சேர்ந்து ஒரு கிணறு தோண்டினோம். ஐந்தே சொல். பரீட்சகருக்கு உடனே ஒரு படம் தெரிகின்றது. அடுத்த வாக்கியம் தானாக வரும்: எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டோம், யார் முதலில் குடித்தது. 'வி ஷெயார்ட் வன் புக்' – ஒரு புத்தகத்தை இருவர் படித்தோம். அவன் மாலையில், நான் விடியற்காலையில். இது பீற்றரின் கிற்றாரை விட எவ்வளவோ மேல், ஏனென்றால் கேள்வி எத்தனை வந்தாலும் பிள்ளையிடம் பதில் இருக்கின்றது. எங்கே? எப்போது? பிறகு என்ன நடந்தது? நடந்ததைச் சொல்பவனுக்கு இவற்றுக்கெல்லாம் பாடமாக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. எமது பேச்சில் மூத்தவர் ஒருவரை நாம் கூட்டாளி என்று சொல்வதில்லை, மரியாதைக் குறைவு. அவர் அண்ணை, ஐயா, அப்பு. ஆங்கிலத்தில் எழுபது வயதுக்காரரையும் 'மை ஃப்ரெண்ட்' என்று தயங்காமல் சொல்லலாம். உம்மைவிட வயதில் மூத்த நண்பரைப் பற்றிச் சொல்லும் என்று அட்டை வந்தால், பக்கத்துத் தறைக்காரர் அப்புவைச் சொல்லுங்கள். விதை வெங்காயத்தை எப்படிக் கட்டித் தூக்குவது என்று காட்டித் தந்தவர் அவர்தானே. ஆனால் 'மச்சான்' என்பதை மட்டும் அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். ஒரு தம்பி தன் கூட்டாளியை 'பிரதர் இன் லோ' என்று சொல்லத் தொடங்கி, பிறகு அக்காவின் கலியாணத்தைப் பற்றிய கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 'லைக் எ பிரதர் ரு மீ', எனக்குச் சகோதரன் மாதிரி, என்பது போதும்.

நாக்கும் காலமும்

எம்மவர் விடும் பிழைகள் சில மட்டுமே. அவை திரும்பத் திரும்ப வருபவை. 'பிரெண்ட்' என்று உதடு இரண்டையும் மூடிச் சொல்கிறோம். கீழுதட்டை மேற்பல்லில் மெல்லத் தொட்டுக் காற்றை விட்டால் 'ஃப்ரெண்ட்' வரும். கண்ணாடி முன் ஒரு கிழமை பழகினால் போதும். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' ஆக்குகிறோம். 'அவர்' என்ற சொல் தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால், ஆசிரியையைப் பற்றிப் பேசும்போது 'ஹி' என்று தொடங்கி 'ஷி' என்று முடிக்கிறோம். தமிழ் உச்சரிப்புச் சாயல் இருந்தால் தோல்வி என்று பயப்பட வேண்டாம். வெள்ளைக்காரர் போலப் பேசும்படி யாரும் கேட்கவில்லை, விளங்கினால் சரி. கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேட்பதும் குற்றமல்ல.

காலம்தான் கடினம். 'அவனைப் பத்து வருடமாகத் தெரியும்' என்று நாம் சொல்கிறோம். அதை அப்படியே போட்டு 'ஐ நோ ஹிம் சின்ஸ் ரென் இயர்ஸ்' என்றால் இரண்டு பிழை. 'ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபோர் ரென் இயர்ஸ்' என்பதே முறை. அன்று தொடங்கி இன்றும் முடியாமல் இருப்பதைச் சொல்ல ஆங்கிலம் வைத்திருக்கும் காலம் அது. நட்பைப் பற்றிய பேச்சு இந்தக் காலம் இல்லாமல் நகராது.

அதை நான் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வன்னியிலிருந்து வந்த ஒரு பிள்ளை. 2009இல் அவளுக்குப் பதினொரு வயது. மாத்தளன் பக்கம் ஒரே பங்கருக்குள் இருந்த சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். 'ஷி இஸ்' என்று தொடங்கினாள். பக்கத்திலிருந்த பையன் மெல்ல, 'வாஸ்' என்று திருத்தினான். மண்டபம் அமைதியாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஃபாதர், 'இஸ்' எண்டு சொல்லுறதோ, 'வாஸ்' எண்டு சொல்லுறதோ?"

அந்தச் சிநேகிதி இறந்தாள் என்று கண்டவர் இல்லை. இருக்கிறாள் என்று சொல்லவும் ஆள் இல்லை. தாய் இன்றும் தேடுகிறார். 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கேள்வியும் இதுதான் அல்லவா? 'இஸ்' என்றால் சாட்சி கேட்பார்கள். 'வாஸ்' என்று சொல்லத் தாய்க்கு நா எழாது. அப்போது கரும்பலகையில் இருந்த வாக்கியத்தை வைத்தே எழுதினேன்: 'ஐ ஹாவ் நொட் சீன் ஹேர் சின்ஸ் 2009.' 2009 முதல் நான் அவளைக் காணவில்லை. அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். "இது சரி, ஃபாதர். இதில பொய் இல்லை," என்றாள்.

ஆனாலும் பரீட்சையில் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று நான் சொல்லவில்லை. இது அகதி விண்ணப்ப விசாரணை அல்ல. யாருக்கும் உமது துன்பத்தை நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. கண்ணீருக்குப் புள்ளியும் இல்லை. ஒரு நினைவு உங்களை நடுவில் உடைத்துவிடும் என்று தெரிந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, சைக்கிளில் டபிள் ஏற்றிச் சென்ற இன்னொரு கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போங்கள். எதைச் சொல்வது, எதைக் காப்பது என்று தெரிவு செய்யும் உரிமை பிள்ளையினுடையது. அவள் தெரிவு செய்தது மல்லாகத்தில் தன்னோடு தையல் பழகிய ஒருத்தியை. நன்றாகவே பேசினாள்.

மூத்தவர்களின் பங்கு

கடைசிப் பகுதியில் வரும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். நண்பர்களா உறவினரா கூடுதலாக உதவுவார்கள்? தூரம் நட்பைக் குறைக்குமா? அயலவர் நண்பராக முடியுமா? இப்படியான கேள்விகள் வரக்கூடும். கருத்துச் சரியா பிழையா என்று பார்ப்பதில்லை. கருத்தைக் காரணத்தோடும் உதாரணத்தோடும் சொல்ல முடிகின்றதா என்றே பார்க்கிறார்கள். இங்கே எமது மூத்தவர்கள் பெரும் செல்வம். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வந்தபோது யார் வீட்டுத் திண்ணை கிடைத்தது? 1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு முழு வலிகாமமும் நடந்தபோது தென்மராட்சியில் கிணற்றைத் திறந்துவிட்டவர் யார்? உறவா, பழக்கமா, முன்பின் அறியாதவரா? அதே 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் குடும்பங்களின் கூட்டாளிகள் எம்மிடையே இருக்கிறார்கள். வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் அதை வாங்கி வைத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். தூரம் நட்பைக் குறைக்குமா என்பதற்கு அவர்களிடம் பதில் கேட்கலாம்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கேள்வியைத் தமிழில் போடுங்கள். 'எங்கட கிணறு வெட்டேக்க ஆர் ஆர் வந்தவை?' பிள்ளை முதலில் தமிழில் கேட்கட்டும், தமிழில் சொல்லட்டும், பிறகு அதையே ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் மணிக்கூடு வைத்துச் சொல்லட்டும். தமிழில் இரண்டு நிமிடம் பேச முடியாத பிள்ளைக்கு எந்த வகுப்பும் ஆங்கிலத்தில் பேச வைக்காது. கைத்தொலைபேசியில் பதிவு செய்து திருப்பிக் கேட்டால் பிழைகள் தாமாகத் தெரியும்.

வேதத்தில் நட்புக்குக் குறைவில்லை. தாவீதும் யோனத்தானும் உண்டு, சீராக்கின் ஞானம் 6ஆம் அதிகாரம் உண்டு, இறுதி இராவுணவில் சீடரைப் பணியாளர் என்னாது நண்பர் என்றழைத்த ஆண்டவர் உண்டு. இவற்றைத் தியானத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு யோனத்தானைக் கூட்டிப்போக வேண்டாம்; அவரும் ஒரு பீற்றராகிவிடுவார்.

கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர்களுக்கு

பிரித்தானியா 2010 கார்த்திகை முதல் வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஆங்கிலச் சோதனை கேட்கின்றது. இதற்கென 2015இல் ஐ.ஈ.எல்.ரி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ் என்ற தனிச் சோதனை வந்தது. பேசுவதும் கேட்பதும் மட்டுமே. புள்ளி இல்லை, சித்தி அல்லது சித்தியின்மைதான். இதில் இருவரை ஒன்றாக இருத்துவார்கள். மற்றவர் யாரென்று முன்பு தெரியாது. அவரிடம் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும், அவர் உங்களிடம் கேட்பார். எமது பெண்கள் பலர் இங்கே தாம் மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். தண்ணீர்க் குழாயடி வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தவர்கள்தானே நாம்! அதையே ஆங்கிலத்தில் செய்தால் போதும். அவர் தடுமாறினால் பொறுத்திருந்து இன்னொரு தரம் கேளுங்கள். அவர் தோற்பதால் உங்களுக்கு வரும் இலாபம் எதுவுமில்லை.

எந்த விசாவுக்கு எந்தச் சோதனை, எந்த மட்டம் என்பன மாறிக்கொண்டே இருப்பவை. காசு கட்டுமுன் அந்த நாட்டு அரசின் அறிவித்தலைப் பாருங்கள்; முகவர் சொன்னார் என்று கட்ட வேண்டாம். பெறுபேறு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படுவதால், ஆவணங்கள் ஆயத்தமாகுமுன் அவசரப்பட்டு எழுதுவது வீண் செலவு. பதிவு செய்த அதே கடவுச்சீட்டையே கொண்டு செல்ல வேண்டும். பெரிய பரீட்சையில் பேச்சுப் பகுதி எழுத்துப் பகுதியின் அதே நாளில் வராமல், அதற்கு முந்திய அல்லது பிந்திய கிழமைக்குள் வேறொரு நாளிலும் வரலாம். கொழும்பில் இரண்டு பயணம், இரண்டு இரவுத் தங்கல் வரக்கூடும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். தங்க இடமில்லாதவர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே தங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லி வைத்தால் ஒழுங்கு செய்ய வசதியாக இருக்கும்.